1941: ஒரு பேஸ்பால் பருவத்தை நாள் நாளாகப் படித்தபோது



கிரிக்கெட் சீசன் வந்துவிட்டால் நம் வளாகத்தில் காலைப் பேச்சு எப்படித் தொடங்கும் என்று உங்களுக்கே தெரியும். லிஃப்டில் ஏறியதும் "நேத்து மேட்ச் பார்த்தீங்களா?" என்பார் ஒருவர். நடைப்பயிற்சிக்காரர்கள் மூன்றாவது சுற்றிலும் அதையேதான் பேசிக்கொண்டிருப்பார்கள். இரண்டு மாதம் இப்படி ஓடும். பிறகு யார் கோப்பை வாங்கினார்கள் என்பது மட்டும் நினைவில் நிற்கும். அந்த அறுபது நாளில் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

இந்த இதழுக்காக நான் எடுத்துக்கொண்டது 1941ஆம் ஆண்டு அமெரிக்க பேஸ்பால் பருவம். பேஸ்பாலே தெரியாதே என்று பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள், தேவையானதை இரண்டு பத்தியில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் இரண்டு எண்களைத்தான் பிடித்துக்கொண்டு பேசும்: 56, 406. நான் அந்த எண்களை ஒதுக்கி வைத்துவிட்டு, தேதி வாரியாக, அந்தந்த நாளில் என்ன நடந்தது என்று படித்துப் பார்த்தேன். கதை வேறு மாதிரி தெரிந்தது.

முதலில் அந்த இரண்டு பத்தி. பேஸ்பாலில் பந்து எறிபவர் பிட்சர். அடிப்பவர் பந்தை அடித்துவிட்டு, எதிரணியின் பிழையால் அல்லாமல், பாதுகாப்பாக முதல் பேஸுக்கோ அதற்கு மேலோ போய்ச் சேர்ந்தால் அது ஒரு 'ஹிட்'. ஓர் ஆட்டத்தில் ஒருவருக்கு நாலைந்து வாய்ப்புகள் கிடைக்கும். பத்து வாய்ப்பில் மூன்று ஹிட் அடித்தாலே அவர் நல்ல ஆட்டக்காரர், சராசரி 300 என்பார்கள். ஆயிரத்துக்கு முன்னூறு என்று கணக்கு. நம்மூர் ஆட்டத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் நின்று ஆடினால் முந்தைய தோல்விகளை ஈடுகட்டிவிடலாம். இங்கே அது முடியாது. உலகத்தில் மிகச் சிறந்தவரும் பத்துக்கு ஆறு தடவையாவது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வரவேண்டிய ஆட்டம் இது. இன்னொன்று: பிட்சர் எறியும் பந்து குறிப்பிட்ட எல்லைக்கு வெளியே நான்கு முறை போனால் அடிப்பவருக்கு முதல் பேஸ் இலவசம். அதற்கு 'வாக்' என்று பெயர். ஒருவரை அடிக்கவிடக் கூடாது என்று நினைத்தால் பிட்சர் வேண்டுமென்றே அப்படி எறியலாம்.

அப்போது இரண்டு லீக், லீக்குக்கு எட்டு அணி, மொத்தம் 16 அணிகள். ஊர்களோ பத்துதான். மேற்கே செயின்ட் லூயிஸைத் தாண்டி ஓர் அணிகூடக் கிடையாது, பயணம் எல்லாம் ரயிலில். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஓர் அணிக்கு 154 ஆட்டங்கள். அதாவது கிட்டத்தட்ட தினமும் ஆட்டம், சில நாள் ஒரே நாளில் இரண்டு. ஆகவே பேஸ்பால் அவர்களுக்குத் திருவிழா மாதிரி இல்லை, காலையில் வரும் பால் பாக்கெட் மாதிரி. மாலைப் பத்திரிகையில் போர்ச் செய்திக்குப் பக்கத்தில் ஸ்கோர் இருக்கும்.

போர்ச் செய்தி என்றேன். ஐரோப்பாவில் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டு ஆகிவிட்டது. அமெரிக்கா இன்னும் சேரவில்லை. ஆனால் 1940இலேயே கட்டாய ராணுவச் சேர்க்கைச் சட்டம் வந்துவிட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு மே மாதத்துக்கு வாருங்கள்.

மே 6. டெட்ராய்ட் அணியின் ஹாங்க் கிரீன்பெர்க் நியூயார்க் யாங்கீஸுக்கு எதிராக இரண்டு ஹோம் ரன் அடித்தார். ஹோம் ரன் என்றால் நம் சிக்ஸர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டு அந்த லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கியவர் அவர். மறுநாள், மே 7, ராணுவத்தில் சேர்ந்தார். கட்டாயச் சேர்க்கையில் அவருடைய எண் வந்துவிட்டது. ஆண்டுக்கு 55,000 டாலர் வாங்கியவருக்கு இனி மாதம் 21 டாலர். அவருக்கு அந்தப் பருவம் 19 ஆட்டத்தோடு முடிந்தது. ஓர் ஆண்டு சேவைதானே, அடுத்த பருவத்துக்கு வந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் எண்ணினார்கள்.

மே 15. நியூயார்க்கில் சிகாகோ வொயிட் சாக்ஸிடம் யாங்கீஸ் 13-1 என்று தோற்றது. யாங்கீஸின் ஜோ டிமாஜியோ நான்கு வாய்ப்பில் ஒரே ஒரு ஹிட் அடித்தார். மறுநாள் பத்திரிகை படித்தவர்கள் பார்த்திருப்பது அந்தப் படுதோல்வியைத்தான். அந்த ஒற்றை ஹிட்டை எவரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். இன்று எந்த பேஸ்பால் புத்தகத்தைத் திறந்தாலும் 'மாபெரும் தொடரின் முதல் நாள்' என்று அந்தத் தேதி தடித்த எழுத்தில் இருக்கிறது. அன்று அது ஒரு மோசமான வியாழக்கிழமை, அவ்வளவுதான்.

டிமாஜியோவைப் பற்றி ஒரு வார்த்தை. வயது 26. சான் பிரான்சிஸ்கோவில் மீன் பிடித்துப் பிழைத்த ஒரு சிசிலிக் குடும்பத்துப் பிள்ளை. தந்தை ஜூசெப்பே 1898இல் கப்பலேறி வந்தவர். பிள்ளைகளும் படகுக்கு வருவார்கள் என்று அவர் எதிர்பார்த்தார், மூன்று பேர் பேஸ்பாலுக்குப் போய்விட்டார்கள். ஜோவின் தம்பி டாம், பாஸ்டன் அணியில் ஆடினார். இந்த ஜூசெப்பேயைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கடைசியில் அவரிடம் திரும்பி வருவோம்.

மே 27, இரவு. நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜயன்ட்ஸ் அணிக்கும் பாஸ்டன் பிரேவ்ஸுக்கும் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பாதியில் ஆட்டத்தை நிறுத்தினார்கள். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் வானொலியில் பேசப்போகிறார். சுமார் முக்கால் மணி நேரம், மைதானத்தின் ஒலிபெருக்கியில் அவர் குரல் மட்டும். ஆட்டக்காரர்களும் பார்க்க வந்தவர்களும் உட்கார்ந்து கேட்டார்கள். நாட்டில் வரம்பற்ற அவசர நிலை என்று அறிவித்தார் அவர். பேச்சு முடிந்தது, ஆட்டம் தொடர்ந்தது. எனக்கு இந்தப் பருவத்தில் மிகவும் பிடித்த காட்சி இது. யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, அந்த ஒலிபெருக்கி அணைந்ததும் முதல் பந்தை எறியப் போன அந்த பிட்சர் என்ன நினைத்திருப்பார் என்பதுதான் என்னைக் குடைகிறது.

ஜூன் 2. கிளீவ்லாண்டில் பகல் ஆட்டம். அந்தக் காலத்தின் மிக வேகமான பிட்சர் என்று பேர் வாங்கிய பாப் ஃபெல்லருக்கு எதிராக டிமாஜியோ இரண்டு ஹிட் அடித்தார். அன்று இரவு நியூயார்க்கில் லூ கெரிக் இறந்தார், வயது 37. யாங்கீஸின் தூண் அவர். தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஒன்றுகூட விடாமல் ஆடியவர். தசையும் நரம்பும் செயலிழக்கும் நோய் வந்து 1939 மே 2 அன்று தாமாகவே ஒதுங்கிக்கொண்டார். அந்த நோய்க்கே அமெரிக்காவில் அவர் பெயர் வந்துவிட்டது. அவர் முதல் பேஸில் நிலையான இடம் பிடித்ததும் ஒரு ஜூன் 2தான், 1925இல். சரியாகப் பதினாறு ஆண்டு. யாங்கீஸ் அணியோ அடுத்த ஊருக்குப் போக வேண்டியிருந்தது. மறுநாளே டெட்ராய்ட்டில் ஆட்டம். டிமாஜியோ அன்றும் ஒரு ஹிட் அடித்தார். தினமும் ஆடும் ஆட்டத்தில் துக்கத்துக்குக்கூட விடுமுறை கிடையாது.

ஜூன் நடுவில்தான் பத்திரிகைக்காரர்கள் எண்ணத் தொடங்கினார்கள்: இந்த மனிதர் வரிசையாக எல்லா ஆட்டத்திலும் ஒரு ஹிட்டாவது அடித்துக்கொண்டிருக்கிறாரே! யாங்கீஸ் அணியில் அதுவரையிலான உச்சம் 29 ஆட்டங்கள். ஜூன் 17 அன்று டிமாஜியோ அதைத் தாண்டி 30ஐத் தொட்டார். எப்படித் தெரியுமா? அவர் அடித்த பந்து தரையில் ஏதோ ஒன்றில் பட்டு எகிறி, சிகாகோவின் லூக் ஆப்ளிங் தோளில் இடித்துவிட்டுப் போனது. அது ஹிட்டா, ஆப்ளிங்கின் பிழையா? மைதானத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரபூர்வ ஸ்கோரர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் ஹிட் என்று எழுதினார். இன்றுவரை இதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பந்து எகிறியதை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 22, ஞாயிறு. அன்று விடிகாலை ஹிட்லரின் படைகள் சோவியத் ரஷ்யாவுக்குள் நுழைந்தன. அன்றும் டிமாஜியோ ஹிட் அடித்தார், 35வது ஆட்டம். வானொலியைத் திருப்பியவர்கள் இரண்டு செய்தியையும் கேட்டார்கள். அப்படிக் கேட்டது தப்பு என்று நான் நினைக்கவில்லை. நாமும் எத்தனையோ மோசமான நாட்களில் "ஸ்கோர் என்ன?" என்று கேட்டிருக்கிறோமே.

ஜூன் 26. இது டிமாஜியோவின் கதையே இல்லை என்பேன் நான், டாமி ஹென்ரிக்கின் கதை. எட்டாவது இன்னிங்ஸ். யாங்கீஸ் முன்னிலையில் இருக்கிறது, ஆகவே ஒன்பதாவதில் மறுபடி மட்டை பிடிக்க வேண்டி வராது. டிமாஜியோவுக்கு அதுவரை ஹிட் இல்லை. அந்த இன்னிங்ஸில் அவர் நான்காவதாக வர வேண்டியவர். முதல் ஆள் அவுட். அடுத்த ஆள் வாக்கில் முதல் பேஸ் போனார். இப்போது ஹென்ரிக் முறை, அவருக்கு அடுத்தது டிமாஜியோ. ஹென்ரிக் ஓங்கி அடித்து, பந்து நேராக ஒரு தடுப்பாளர் கையில் போய்விட்டால் ஒரே அடியில் இரண்டு பேர் அவுட், இன்னிங்ஸ் முடிந்தது, டிமாஜியோவின் தொடரும் முடிந்தது. ஹென்ரிக் பாதி வழியில் திரும்பிப் போய் மேலாளர் ஜோ மெக்கார்த்தியிடம் கேட்டார்: பந்தை மெதுவாகத் தட்டி வைக்கட்டுமா? மெக்கார்த்தி சரி என்றார். ஹென்ரிக் தட்டி வைத்தார், தான் அவுட் ஆகி ஒதுங்கினார். டிமாஜியோ வந்தார். முதல் பந்திலேயே இரண்டு பேஸ் ஹிட். 38வது ஆட்டம்.

ஹென்ரிக்கின் அந்த முறைக்கு ஸ்கோர் அட்டையில் ஹிட் கிடையாது. ஆனால் 56 என்ற எண் அதன் மேல்தான் நிற்கிறது.

இரண்டு நாள் கழித்து ஃபிலடெல்ஃபியாவில் இதற்கு நேர் எதிர். ஜானி பாபிச் என்ற பிட்சர், டிமாஜியோவுக்கு அடிக்கத்தக்க பந்தே தரப்போவதில்லை, வாக் வாக்காகக் கொடுத்தே தொடரை முடித்துவிடுவேன் என்ற எண்ணத்தில் இருந்தார். ஒன்று வெளியே, இரண்டு வெளியே, மூன்று வெளியே. நாலாவதும் வெளியேதான் வந்தது. டிமாஜியோ கையை நீட்டி அந்தப் பந்தை அடித்தார். அது பாபிச்சின் கால்களுக்கு நடுவே பறந்து போயிற்று. இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அமெரிக்கர்கள் சிரிப்பார்கள். எனக்கு பாபிச்சின் மேல் கொஞ்சம் அனுதாபமும் உண்டு. எதிரணியின் சாதனைக்கு வழிவிட்டு நிற்பது பிட்சரின் வேலை இல்லையே.

ஜூன் 29, தலைநகர் வாஷிங்டன், ஒரே நாளில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஜார்ஜ் சிஸ்லர் 1922இல் எட்டிய 41ஐத் தொட்டார். இரண்டு ஆட்டத்துக்கும் இடையில் யாரோ டிமாஜியோவின் மட்டையைத் திருடிக்கொண்டு போய்விட்டார்கள்! தனக்கென்று இழைத்துச் சரிசெய்து வைத்திருந்த மட்டை. இரண்டாவது ஆட்டத்தில் வேறு மட்டையால் தடுமாறினார். கடைசியில் கைகொடுத்தவர் மறுபடியும் ஹென்ரிக். டிமாஜியோ முன்பு அவருக்குக் கொடுத்திருந்த ஒரு மட்டையைத் திருப்பி வாங்கி, ஏழாவது இன்னிங்ஸில் ஹிட் அடித்தார், 42. திருட்டுப் போன மட்டை சில நாள் கழித்துத் திரும்பி வந்து சேர்ந்தது.

அதற்குள் இன்னும் பழைய எண் ஒன்றைத் தோண்டி எடுத்துவிட்டார்கள்: வில்லி கீலர், 1897, 44 ஆட்டங்கள். அந்தக் காலத்து விதிகளே வேறு. ஜூலை 1இல் அதைச் சமன் செய்தார். ஜூலை 2 அன்று பாஸ்டனுக்கு எதிராக ஒரு ஹோம் ரன், 45.

அந்த பாஸ்டன் அணியில்தான் நம் இரண்டாவது எண்ணின் சொந்தக்காரர் இருந்தார்: டெட் வில்லியம்ஸ், 22 வயது, ஒல்லி, முன்கோபி, வாய்த்துடுக்கு. பாஸ்டன் மைதானத்தில் ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில்தான் அவர் நிற்கும் இடம். பலகைக்குள் இருக்கும் ஆள் நியூயார்க் செய்தியை அவரிடம் சொல்வார். வில்லியம்ஸ் நடுவில் நிற்கும் டாம் டிமாஜியோவிடம் கத்திச் சொல்வார்: உன் அண்ணன் இன்றைக்கும் அடித்துவிட்டாராம். போட்டியாளரின் வெற்றியைத் தம்பிக்குச் சேதி சொல்லும் அந்தப் பையனின் சராசரி அப்போதே 400க்கு மேல். டிமாஜியோ அந்த 56 ஆட்டங்களில் அடித்த சராசரி 408. அதே நாட்களில் வில்லியம்ஸ் 412! ஊரே ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இன்னொருவர் சத்தமில்லாமல் அதைவிட நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். ஜூலை 8 அன்று டெட்ராய்ட்டில் நட்சத்திர ஆட்டக்காரர்களின் கண்காட்சி ஆட்டத்தில் மட்டும் எல்லோரும் அவரைப் பார்க்க நேர்ந்தது. கடைசி இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்தங்கல். மூன்று ரன் தரும் ஹோம் ரன் அடித்து ஆட்டத்தை முடித்துவிட்டு, சிறுபிள்ளை போலக் கைதட்டிக் குதித்துக்கொண்டே பேஸ்களைச் சுற்றி ஓடினார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது பாதி உண்மை. இந்த 16 அணிகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூடக் கிடையாது. எழுதப்படாத தடை. சாட்சல் பேஜ் போன்ற மாபெரும் பிட்சர் அந்தக் கோடையில் கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் என்ற கறுப்பின அணிக்கு எறிந்துகொண்டிருந்தார். ஜோஷ் கிப்சன் மெக்சிகோவுக்குப் போய் ஆடினார். டிமாஜியோவும் வில்லியம்ஸும் அந்த ஆண்டு இவர்களைச் சந்திக்காமலே எண்களைச் சேர்த்தார்கள். 1947இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. 2024இல்தான் கறுப்பின லீக்குகளின் எண்கள் அதிகாரபூர்வப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இன்று ஒரு பருவத்தின் மிக உயர்ந்த சராசரி கிப்சன் 1943இல் அடித்த 466. எண்பது ஆண்டு தாமதமாக வந்த திருத்தம். பட்டியலைத் திருத்தலாம், ஆடாமல் போன ஆட்டங்களைத் திருத்த முடியாது.

ஜூலை 17, கிளீவ்லாண்ட், இரவு ஆட்டம். 67,468 பேர் வந்திருந்தார்கள். முதல் முறை டிமாஜியோ மூன்றாவது பேஸை ஒட்டி வலுவாக அடித்தார். அங்கே நின்ற கென் கெல்ட்னர் வழக்கத்தைவிடப் பின்னால் நின்றிருந்தார், புறங்கையால் பிடித்து, எல்லைக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்து அவுட் செய்தார். இரண்டாம் முறை வாக். மூன்றாம் முறை மறுபடி அதே அடி, அதே கெல்ட்னர், அதே அவுட். நான்காம் முறை, எட்டாவது இன்னிங்ஸ், பந்து லூ பூட்ரோ நின்ற பக்கம் போனது. கடைசி நொடியில் தரையில் பட்டு எகிறியது. பூட்ரோ பிடித்துவிட்டார். அந்த ஒரு பந்தில் இரண்டு பேர் அவுட். தொடர் முடிந்தது.

ஜூன் 17இல் எகிறிய பந்து ஆப்ளிங்கின் தோளில் இடித்துத் தொடரைக் காப்பாற்றியது. சரியாக ஒரு மாதம் கழித்து எகிறிய பந்து கையில் போய் விழுந்து தொடரை முடித்தது. அன்றைக்கு யாங்கீஸ் 4-3 என்று ஜெயித்தது என்பது பலருக்கு நினைவில்லை. அடுத்த நாளிலிருந்து டிமாஜியோ மறுபடி தொடர்ந்து 16 ஆட்டங்களில் ஹிட் அடித்தார் என்பது இன்னும் குறைவானவர்களுக்கே நினைவு. 73 ஆட்டங்களில் 72. அந்த ஒரே ஓர் இரவு மட்டும் இல்லை.

ஆகஸ்டை விட்டுவிடுகிறேன். யாங்கீஸ் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது, செப்டம்பர் 4இலேயே லீக் பட்டம் உறுதி. மீதமிருந்த ஒரே கேள்வி வில்லியம்ஸ் 400ஐத் தக்கவைப்பாரா என்பது.

செப்டம்பர் 27, சனிக்கிழமை, ஃபிலடெல்ஃபியா. நான்கு வாய்ப்பில் ஒரு ஹிட். சராசரி 399.55க்கு இறங்கியது. முழு எண்ணாக்கினால் 400. மறுநாள், பருவத்தின் கடைசி நாள், இரண்டு ஆட்டம். மேலாளர் ஜோ குரோனின் சொன்னார்: வேண்டுமானால் நாளைக்கு உட்கார்ந்துகொள், 400 உன்னுடையது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? எனக்கு உடனே நினைவு வருவது பிராட்மன். 1948இல் ஓவல் மைதானத்தில் கடைசி இன்னிங்ஸ், நான்கு ரன் எடுத்தால் சராசரி நூறு. இரண்டாவது பந்தில் பூஜ்யத்துக்குப் போல்டு, 99.94. அவருக்கு உட்கார்ந்துகொள்ளும் வாய்ப்பு இல்லை. வில்லியம்ஸுக்கு இருந்தது. வேண்டாம் என்றார். அன்று இரவு அணியின் உடை அறைப் பணியாளர் ஜானி ஆர்லாண்டோவோடு ஃபிலடெல்ஃபியா தெருக்களில் நெடுநேரம் நடந்தார். அந்த நடையில் என்ன பேசினார்களோ, எனக்கு ஸ்கோர் அட்டையைவிட அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை.

ஞாயிற்றுக்கிழமை குளிர். எதிரணி மேலாளர் கோனி மாக், 78 வயதிலும் கோட்டும் டையுமாக வந்து உட்காருபவர். பையனுக்கு எதையும் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தம் பிட்சர்களிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார் என்பதை வில்லியம்ஸ் பிற்பாடு நினைவுகூர்ந்தார். முதல் ஆட்டத்தில் ஐந்து வாய்ப்பில் நான்கு ஹிட், அதில் ஒரு ஹோம் ரன். சராசரி 404. இப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது ஆட்டத்திலும் இறங்கினார், மூன்றில் இரண்டு. ஆண்டு முழுவதும் 456 வாய்ப்பு, 185 ஹிட், சராசரி 406. அமெரிக்கன், நேஷனல் லீக்குகளில் அதற்குப் பிறகு இன்றுவரை ஒருவரும் 400 அடிக்கவில்லை. அப்படியும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது டிமாஜியோவுக்குத்தான் போயிற்று, 291 புள்ளிக்கு 254. நான் வாக்களித்திருந்தால் வில்லியம்ஸுக்குத்தான். ஆனால் ஜூன் மாதம் முழுக்க வானொலிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் என் வாக்கும் மாறியிருக்கலாம்.

அக்டோபரில் இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடர், யாங்கீஸுக்கும் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்கும். அக்டோபர் 5 அன்று புரூக்ளின் ஜெயிக்க இன்னும் ஒரே ஒரு அவுட் பாக்கி. அடிப்பவர், யார் என்று நினைக்கிறீர்கள், டாமி ஹென்ரிக். மூன்றாவது ஸ்ட்ரைக், மட்டையை வீசினார், படவில்லை. ஆட்டம் முடிந்தது. ஆனால் பந்தைப் பிடிக்க வேண்டிய கேட்சர் மிக்கி ஓவன் நழுவவிட்டார். விதிப்படி ஹென்ரிக் முதல் பேஸுக்கு ஓடலாம், ஓடினார். அடுத்து டிமாஜியோ ஹிட். யாங்கீஸ் 7-4 என்று ஜெயித்தது, மறுநாள் தொடரும் அதற்கே. ஓவன் நல்ல கேட்சர். அந்த ஒரு பந்தைத்தான் வாழ்நாள் முழுக்க அவரிடம் கேட்டார்கள்.

டிசம்பர் 7, ஞாயிறு. பெர்ல் ஹார்பர்மீது ஜப்பான் குண்டு வீசியது. அந்த ஆண்டு 25 ஆட்டங்களை வென்ற பாப் ஃபெல்லர், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் பேசக் காரில் போய்க்கொண்டிருந்தபோது வானொலியில் கேட்டார். டிசம்பர் 9 அன்று கடற்படையில் சேர்ந்துவிட்டார். கிட்டத்தட்ட நான்கு பருவங்கள் போயின. பேஸ்பால் நடக்கட்டும் என்று ரூஸ்வெல்ட் 1942 ஜனவரியில் கடிதம் எழுதினார். நடந்தது, ஆனால் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். டிமாஜியோ 1943 பிப்ரவரியில் ராணுவத்தில் சேர்ந்தார். வில்லியம்ஸ் போர் விமானியானார், பிற்பாடு கொரியப் போருக்கும் போக வேண்டியிருந்தது.

இப்போது ஜூசெப்பே டிமாஜியோ. இத்தாலியுடன் போர் வந்ததும், அமெரிக்கக் குடியுரிமை பெறாத சுமார் ஆறு லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டு அந்நியர்' ஆனார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்த ஜூசெப்பேயும் ரோசாலியாவும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். படம் ஒட்டிய அடையாள அட்டையை எப்போதும் வைத்திருக்க வேண்டும், அனுமதி இல்லாமல் வீட்டிலிருந்து ஐந்து மைலுக்கு மேல் போகக் கூடாது. மீன்பிடித் துறைப் பக்கமே வரக் கூடாது. அந்தத் துறையில்தான் மகன் ஜோவின் பெயரில் ஓர் உணவகம் இருந்தது. அதற்குக்கூடத் தந்தை போக முடியவில்லை. ஆறு மாதம் முன்பு நாடே அந்தப் பெயரைச் சொல்லித் தினமும் விசாரித்துக்கொண்டிருந்தது. 1942 அக்டோபர் 12 அன்றுதான் இத்தாலியர்கள்மேல் இருந்த அந்த முத்திரை நீக்கப்பட்டது.

மே 7 அன்று முதலில் ராணுவத்துக்குப் போன ஹாங்க் கிரீன்பெர்க்கை விட்டுவிட்டேனே. 28 வயது தாண்டியவர்களை விடுவிக்கலாம் என்று சட்டம் வந்ததால், அவரை ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் விடுபட்ட தேதி 1941 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. ஞாயிறன்று செய்தி வந்தது. அவர் மறுபடியும் தாமாகவே சேர்ந்தார். அடுத்த ஆட்டம் ஆட அவர் மைதானத்தில் இறங்கியது 1945 ஜூலை 1 அன்று. அன்றைக்கு ஒரு ஹோம் ரன் அடித்தார்.